பதினாலாவது நிமிஷத்துல ஏழு செகண்டு

பல்லுக்கு நடுவுல ஒரு ஏலக்கா, அதைக் கடிக்காம அம்மா வாய மூடி ஒக்காந்திருக்கு, ஒண்ணு, ரெண்டு, கீழ மாவு மில்லு பெல்ட்டு டபக் டபக்னு ஓடுது, மூணு, நாலு, லேப்டாப்புக்குள்ள மெர்லின் அக்கா மூக்க உறிஞ்சுறாங்க, அஞ்சு, யாரோ கீழ தூக்குவாளிய நங்குனு வெக்கிறாங்க, ஆறு, ஏழு, அப்பறந்தான் அம்மா பேசுது, எங்கம்மா ஏழு செகண்டு பேசாம இருந்த அந்தச் சத்தத்த ஹெட்போன்ல நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது, இப்பவும் கண்ண மூடுனா ஓடுது, இப்ப மணி பன்னெண்டே கால், மில்லு நின்னு நாலு மணி நேரமாச்சு, நான் போர்வைக்குள்ள போன வெச்சு ரெக்கார்டு பட்டன அமுக்கிட்டு மெதுவாப் பேசிக்கிட்டிருக்கேன், யாருக்குன்னு கேட்டா எனக்குத்தான், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு தேனியில ஒரு கவுன்சலிங் டாக்டரம்மாவப் பாக்கப் போறேன், அதை நெனச்சா பயமா இருக்கு, ஆனா பயப்படுறப்பவே உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பும் வருது, ரெண்டும் ஒண்ணா வரும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது, அதனால மொதல்ல இருந்து சொல்லிப் பாக்கறேன், சொல்லச் சொல்ல பயம் கொறையுதான்னு.

எங்க வீடு போடியில, கீழ மில்லு, மேல நாங்க, அப்பா காலையில கருப்பு மீசையோட எறங்கிப் போவாரு, சாயங்காலம் வெள்ளை மீசையோட ஏறி வருவாரு, புருவத்துல ஒரு பக்கம் அரிசி மாவு, ஒரு பக்கம் மொளகாப் பொடி, அவரு தும்மினா தெருவே தும்மும், அம்மா எடை போடுற மேசையில ஒக்காந்திருக்கும், மாவு அரைச்சு வர இருவது நிமிஷம் ஆகுமில்ல, அந்த இருவது நிமிஷத்துல பொம்பளைங்க எல்லாத்தையும் சொல்லிருவாங்க, சொல்லி முடிக்கறதுக்குள்ள அம்மா பதில் சொல்லிரும், தூக்கம் வரலையா கசகசாவ அரைச்சுப் பால்ல போட்டுக் குடி, மக பேசலையா ரெண்டு நாள் நீயும் பேசாத, இப்பிடி, மாவு சூடா இருக்கறப்பவே தீர்ப்பும் சூடா கெடைக்கும், நான் வயித்துல இருக்கறப்ப தபால்ல சைக்காலஜி படிச்சு அம்மா பி.ஏ. வாங்கியிருந்துச்சு, அந்தச் சர்டிபிகேட்டு பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில பதினேழு வருஷமாத் தூங்கிட்டிருந்துச்சு, நான் பதினொண்ணாவது சேந்த வருஷம் அதைத் தட்டி எடுத்து ஆன்லைன்ல எம்.எஸ்சி. சேந்துருச்சு, மனசுக்குப் பண்ற வைத்தியத்துக்கு ரெண்டு வருஷப் படிப்பு, அப்பா மாடியில சரக்கு வெக்கிற ரூமக் காலி பண்ணி, மில்லுச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு நாலு சுவத்துலயும் கோணிச் சாக்க ஆணி அடிச்சு மாட்டுனாரு, சத்தம் சுவரு வழியா வரலை, தரை வழியா வந்துச்சு, அப்பா தரைக்கும் சாக்குப் போட்டாரு, அப்பறம் கால் வழியா வந்துச்சு, விடு, அதுவும் கேட்டுக்கட்டும்னு அம்மா சொல்லிருச்சு.

அம்மாவுக்குப் படிக்கறது கஷ்டமே இல்ல, பேசாம இருக்கறதுதான் கஷ்டம், படிப்புல செஞ்சு காட்டுறதுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஸ்டூடண்ட் வைத்தியம் பாக்கறவங்களா இருக்கணும், இன்னொரு ஸ்டூடண்ட் வந்தவங்களா நடிக்கணும், அதை ரெக்கார்டு பண்ணி, பேசுனது மூச்சு விட்டது எல்லாத்தையும் எழுதி அனுப்பணும், எத்தனை செகண்டு அமைதின்னு அடைப்புக்குள்ள போடணும், மொத ரெக்கார்டிங்ல அம்மாவோட பெரிய அமைதி முக்கா செகண்டு, அதுவும் தும்மல் வந்ததால, ஃபெயில், பாடம் எடுக்கற தேவசகாயம் மேடம் ரொம்ப மெதுவாப் பேசுறவங்க, அவங்க சொன்னாங்களாம், நாகஜோதி, அவங்க அரிசியக் கொட்டுறதுக்குள்ள நீங்க மாவ அள்ளிக் குடுத்துர்றீங்கன்னு, அம்மா அதை எங்ககிட்ட சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சுச்சு, அப்பறம் பாத்ரூம்ல போயி ரொம்ப நேரம் தண்ணியத் தொறந்து விட்டுருந்துச்சு, இன்னும் ஒரு தடவைதான் விடுவாங்க, அதுலயும் போச்சுன்னா அந்தப் பாடம் போச்சு, படிப்பும் நின்னுரும், அப்பத்தான் அம்மா ஏலக்காயக் கண்டுபிடிச்சுச்சு, ஏலக்கா எங்க ஊருல மண்ணு மாதிரிக் கெடைக்கும், ஒண்ண எடுத்துப் பல்லுக்கு நடுவுல வெச்சுக்கறது, பேசணும்னா கடிக்கணும், கடிச்சா தோத்துட்ட, மொத வாரம் ஒரு நாளைக்கு முப்பது ஏலக்கா போச்சு, வீடே பாயசம் மாதிரி மணந்துச்சு, மில்லுக்கு வந்த பொன்னுத்தாயி அக்கா தன் மருமகளப் பத்திச் சொல்லச் சொல்ல அம்மா கன்னத்த உப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கு, அவங்க பயந்துபோயி அப்பாகிட்ட, ஏன்ணே, ஜோதிக்குப் பல்லு வலியான்னு கேக்கறாங்க, அப்பா சொல்றாரு, இல்லத்தா, படிக்கிறா.

மெர்லின் அக்கா அம்மாவுக்கு ஜோடியாக் கெடைச்சவங்க, மார்த்தாண்டத்துக்காரங்க, மஸ்கட்ல நர்ஸு, நடிக்கறதுன்னா அவங்களுக்கு உசுரு, பானுன்னு ஒரு ஆள அவங்களே உண்டாக்கிட்டாங்க, முப்பத்தஞ்சு வயசு, பஸ்ஸுல ஏறப் பயம், அதுக்குன்னே தனியா ஒரு சேலை, தனியா ஒரு மூக்குறிஞ்சல், அழுதுட்டுத் திடீர்னு நிறுத்தி, எப்படி மக்ளே, நல்லா வருதான்னு கேப்பாங்க, அதையும் நான் டைப் பண்ணணும், ஆமா, டைப் பண்றது நான், அம்மா ரெண்டு வெரல்ல ஒரு பக்கம் அடிக்க ஒரு ராத்திரி ஆகும், ஸ்டூடண்டே டைப் பண்ணணும்னு ரூல் இருக்கு, நடிப்புத்தானடி, நெசமா யாரோட கதையும் இல்லியே, நீ அடிச்சுக் குடுன்னு அம்மா சொல்லுச்சு, தமிழ்ல அடிச்சு அதுக்குக் கீழ இங்கிலீஷ்லயும் போடணும், நான் ஹெட்போன மாட்டிட்டு சாக்கு ரூமுல ஒக்காந்தேன்னா அம்மாவும் மெர்லின் அக்காவும் என் மண்டைக்குள்ள ஒக்காந்து பேசுவாங்க, பேசாத எடத்துல நான் எண்ணுவேன், ஒண்ணு ரெண்டு மூணு, அந்த எண்ணுறது எனக்குப் பிடிச்சுப்போச்சு, ஏன்னா அப்ப எனக்கு எண்ண வேண்டியது வேறயும் ஒண்ணு இருந்துச்சு.

அது கெமிஸ்ட்ரி லேப்ல ஆரம்பிச்சுச்சு, கை பியூரெட்டுத் திருகுல, கண்ணு ரோஸ் கலர் வருதான்னு பாத்துக்கிட்டிருக்கு, திடீர்னு நெஞ்சுக்குள்ள பெல்ட்டு கழண்டு ஓடுற மாதிரி, எங்க மில்லுல ஒரு தடவை அப்பிடிக் கழண்டு சுவத்துல போயி அடிச்சிருக்கு, அதே மாதிரி, வெரல் எல்லாம் கோணிக்கிட்டு மரத்துப்போயி, மூச்சு மேல மேல வருது உள்ள போகமாட்டேங்குது, சரி, சாகப்போறேன், இந்த நாத்தத்துலயா சாகணும்னு நெனச்சேன், மிஸ்ஸுகிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டு வெளிய வந்து குழாயடியில ஒக்காந்து எண்ணுனேன், நானூத்தி பன்னெண்டு வரைக்கும் எண்ணுனப்ப போயிருச்சு, அடுத்தது மொட்டை மாடியில துணி காயப் போடுறப்ப, அடுத்தது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில எலை போட்டு உப்பு வெச்ச ஒடனே, யாருகிட்ட சொல்ல, அம்மாவோட லேப்டாப்புல புக்கு இருக்கு, திருட்டுத்தனமாத் தொறந்து பாத்தேன், எட்டாம் பக்கத்துல இருக்கறது எனக்கு இருக்கு, பன்னெண்டாம் பக்கத்துல இருக்கறதும் இருக்கு, இருவதாம் பக்கத்துல இருக்கறது அப்பாவுக்கு இருக்கு, மூடி வெச்சுட்டேன், அம்மாகிட்ட சொல்ல நெனச்சு நெனச்சு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா ஊரு ஒலகமெல்லாம் வந்து சொல்றதக் கேக்கப் படிக்குது, சொந்த மகளுக்கே இப்பிடின்னா என்ன நெனைக்கும், பாதியில விட்டுருமோ, எல்லாத்துக்கும் மேல, ஒரு நிமிஷத்துல கசகசாப் பால் குடின்னு சொல்லிட்டு அடுத்த எடைக்குப் போயிருமோ, அந்தப் பயந்தான் பெருசு, சாவுற பயத்தவிடப் பெருசு.

அப்பத்தான் கடைசி ரெக்கார்டிங் வந்துச்சு, பதினாலாவது நிமிஷம், பானு சொல்றா, பஸ்ஸுல எப்பவும் கடைசி சீட்டுலதான் ஒக்காருவேன்னு, அப்பறம் அமைதி, ஏலக்கா கடிபடலை, ஏழு செகண்டு, அதுக்கப்பறம் அம்மா மெதுவா, கடைசி சீட்டுன்னா, எறங்குற கதவுக்குப் பக்கமான்னு கேக்குது, நான் அந்த எடத்துக்கு வந்து, அமைதி ஏழு செகண்டுன்னு போட வேண்டிய எடத்துல, என் கை தானா அடிக்குது, நான் அடிக்கலை, கை அடிக்குது, பானு: நெஞ்சுக்குள்ள என்னமோ கழண்டு ஓடுது, கை மரத்துப்போகுது, செத்துருவேனோன்னு இருக்கு, யாருகிட்டயும் சொல்லலை, எங்கம்மாகிட்டகூடச் சொல்லலை, அப்பிடின்னு அடிச்சுட்டு, அழிக்கணும்னு நெனச்சேன், அழிக்கலை, அனுப்புறதுக்கு முன்னாடி அம்மா படிக்கும், படிச்சா கேக்கும், இதை மெர்லின் சொல்லலியே, யாரு சொன்னதுன்னு கேக்கும், கேட்டா சொல்லிரலாம், அம்புட்டுத்தான் என் கணக்கு, ஆனா அன்னிக்கு வெள்ளிக்கிழமை, மொளகா அரைக்கிற நாளு, யாரோ ஒரு ஆளு இடியாப்ப மாவுல காரம் ஏறிப்போச்சுன்னு தூக்குவாளியோட சண்டைக்கு நிக்கிறாரு, அம்மா அங்கிட்டு ஒரு கண்ணு இங்கிட்டு ஒரு கண்ணா, முடிச்சிட்டியாடி தங்கம்னு கேட்டுட்டு, படிக்காமலே அனுப்பிருச்சு.

மூணு வாரம் கழிச்சு மேடத்துக்கிட்ட இருந்து வந்த பதில அம்மா மில்லுலயே போன்ல படிச்சுச்சு, நான் எதுத்தாப்புல நிக்கிறேன், அம்மா முகத்துல இருந்து சிரிப்பு மாவு உதிருற மாதிரி உதிருது, பதினாலாவது நிமிஷத்துல பானு சொல்றதுதான் இந்தப் பேச்சுலயே ரொம்ப உண்மையான எடம், நீங்க அதைத் தாண்டி கதவப் பத்திக் கேட்டுட்டுப் போயிட்டீங்க நாகஜோதின்னு எழுதியிருக்காங்க, மத்த எல்லாம் நல்லாருக்கு, ஆனா இதைக் கேக்காம விட்டதுக்குப் பாஸ் போட முடியலை, ஒரு வாரத்துல ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, அம்மா மஸ்கட்டுக்குப் போன் போடுது, ஏ மெர்லினு, நீ இப்பிடிச் சொன்னியா, மெர்லின் அக்கா வாசிச்சுப் பாத்துட்டு, அடேயப்பா, நான் இவ்வளவு நல்லாவா நடிச்சேன்னு சந்தோஷப்படுறாங்க, எனக்கே ஓர்மை இல்ல மக்ளே, அப்படியே பானுவா மாறியிருப்பேன், அம்மாவுக்கு அதுக்கு மேல ரெக்கார்டிங்கப் போட்டுக் கேக்கத் தைரியமில்ல, ரெண்டு நாளு அது யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லலை, வந்தவங்க கேட்டாக்கூட சொல்லலை, ஏலக்காயும் போடலை, சும்மாவே பேசலை, அப்பா என்னைக் கூப்பிட்டு, மில்லு ஓடுது, வீடு நின்னுபோச்சுடி, என்னனு பாருன்னாரு.

நேத்து சனிக்கிழமை, மாசத்துக்கு ஒருக்கா கரண்ட நிறுத்துவாங்கள்ல, அந்த நாளு, காலையில ஒம்பது மணியில இருந்து மில்லு ஓடலை, அப்பா கீழ பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுட்டு எதையோ முணுமுணுத்துக்கிட்டிருக்காரு, அம்மா சாக்கு ரூமுல லேப்டாப்புல இருக்கிற கொஞ்சநஞ்ச சார்ஜுல என்னமோ பண்ணுது, நான் காப்பி கொண்டுபோறேன், பாத்தா படிப்ப நிறுத்திக்கறேன்னு குடுக்கற ஃபாரம், பேரு போட்டாச்சு, ஊரு போட்டாச்சு, காரணம்கிற எடத்துல அம்மா வெரலு நிக்குது, என்னைப் பாக்காமலே சொல்லுது, ஒருத்தி செத்துருவேனோன்னு சொல்றா, நான் கதவப் பத்திக் கேட்டிருக்கேன், இந்தக் காத வெச்சுக்கிட்டு நான் எதுக்குடி படிக்கணும். பெல்ட்டு உள்ளுக்குள்ள கழலுது, இதோ, வெரல் கோணுது, வந்துருச்சு, இப்பவா வரணும், நான் டம்ளரத் தரையில சாக்கு மேல வெச்சுட்டு அங்கனயே ஒக்காந்துட்டேன், சொல்லிட்டேன். அதை பானு சொல்லலைம்மா. நான் சொன்னேன்.

அப்பறம் அமைதி. கரண்டு இல்ல, பேன் இல்ல, மில்லு இல்ல, நான் பொறந்ததுல இருந்து எங்க வீட்டுல இப்பிடி ஒரு அமைதி கேட்டதே இல்ல, ஒண்ணு, அம்மா திரும்புது, ரெண்டு, மூணு, வாயில ஏலக்கா இல்ல, ஒண்ணுமே இல்ல, நாலு, அஞ்சு, என் கையப் பாக்குது, கோணியிருக்கிற வெரலப் பாக்குது, ஆறு, இப்ப சொல்லப்போகுது, கசகசா, பாலு, தாயத்து, ஏழு, சொல்லலை, எட்டு, நாற்காலிய விட்டு எறங்கி எனக்கு எதுத்தாப்புல சாக்குலயே சப்பணம் போட்டு ஒக்காருது, ஒம்பது, பத்து, அம்மா கண்ணு ரெண்டும் ரொம்பிப்போயி இருக்கு ஆனா தொடைக்கலை, தொடைச்சா நான் நிறுத்திருவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, பதினொண்ணு, பதினொரு செகண்டு, எங்கம்மா, அந்தப் பதினொண்ணாவது செகண்டுல நானே பேச ஆரம்பிச்சுட்டேன், லேப்பு, ரோஸ் கலரு, குழாயடி, நானூத்தி பன்னெண்டு, மொட்டை மாடி, பந்தி உப்பு, எட்டாம் பக்கம், பேசப் பேச வெரலு ஒண்ணொண்ணா நேராகுது, எப்ப நேராச்சுன்னே தெரியலை, எல்லாம் முடிஞ்சு நான் மூக்க உறிஞ்சுறப்ப, மெர்லின் அக்கா மாதிரியே, அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டுச்சு, எங்கம்மாகிட்டகூடச் சொல்லலைன்னு அடிச்சியே, அதை அடிக்கறப்ப எப்பிடிடி இருந்துச்சு. நான் சொன்னேன், பசிச்சுச்சும்மா. அம்மா சிரிச்சிருச்சு, நானும் சிரிச்சிட்டேன், ரெண்டு பேரும் மூக்கு ஒழுக ஒழுக சிரிக்கிறோம், கீழ இருந்து அப்பா, ஏ ஜோதி, கரண்டு வந்துருச்சாங்கறாரு, வந்துருச்சு வந்துருச்சுன்னு அம்மா கத்துது, வரவே இல்ல.

சிரிச்சு முடிச்சுட்டு அம்மா ஃபாரத்த மூடுச்சு, மூடிட்டு என் ரெண்டு கையவும் தன் மடியில வெச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, இதுக்குப் பேரு இருக்கு, இதுல யாரும் சாகமாட்டாங்க, சரியாயிரும், ஆனா அதை நான் பாக்கக்கூடாது, எங்க படிப்புல மொத மாசமே சொல்லிக் குடுத்தது, சொந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பாக்கறவ பிள்ளையவும் இழந்து வைத்தியத்தவும் இழப்பா, நான் உனக்கு அம்மா, அது ஒண்ணுதான், வேற ஆளு பாக்கட்டும், நான் வெளிய பெஞ்சில ஒக்காந்திருக்கேன், அப்பிடின்னு சொல்லிட்டு, ஏதோ ஞாபகம் வந்து, சரி, கசகசாவும் கொஞ்சம் பால்ல போட்டுத் தரட்டான்னு கேட்டுச்சு, அதுதான் எங்கம்மா, அப்பறம் மேடத்துக்கு எல்லாத்தையும் எழுதுச்சு, டைப் பண்ணக் குடுத்தது தன் தப்புன்னு மொத வரியிலயே, நான் என் பங்குக்கு ஒரு பத்தி, மெர்லின் அக்காவுக்கும் போன் பண்ணிச் சொன்னோம், அதைக் கேட்டதும் அக்கா, அப்ப அது நான் இல்லியா, சவத்த, மூணு நாளா ஆஸ்பத்திரி முழுக்க வாசிச்சுக் காட்டிட்டேனேன்னாங்க, அப்பறம் குரல் மாறி, மோளே, நீ சாப்பிட்டியான்னாங்க.

இன்னிக்கு சாயங்காலம் மேடம் வீடியோவுல வந்தாங்க, ஞாயித்துக்கிழமைன்னாலும் வந்தாங்க, அம்மா பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு, நான் கதவுக்கு அந்தப் பக்கம், அப்பா எனக்கு அந்தப் பக்கம், மாவு மீசையோட, மேடம் மெதுவா ரூலச் சொன்னாங்க, இன்னொருத்தர் கையில குடுத்தது தப்பு, பேசாதத எழுதுனது பெரிய தப்பு, அதுக்கு மார்க்கு கொறையும், அம்மா சரிங்க மேடம் சரிங்க மேடம்ங்குது, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முழுசையும் நீங்களே உங்க கையால டைப் பண்ணி அனுப்பணும், சரிங்க மேடம், அப்பறம் மேடம் சொன்னாங்க, ரெக்கார்டிங்க நேத்து ராத்திரி நானே கேட்டேன், பதினாலாவது நிமிஷத்துல ஏழு செகண்டு காத்திருந்து, அவங்க சொன்ன வார்த்தையவே எடுத்துத் திருப்பிக் கேட்டீங்களே, ரெண்டு வருஷத்துல நீங்க செஞ்சதுலயே அதுதான் நல்ல எடம், அந்த அமைதியத்தான் உங்க பொண்ணு ரொப்பி வெச்சிருக்குன்னாங்க, அம்மா பதிலே சொல்லலை, நான் பழக்க தோஷத்துல எண்ண ஆரம்பிச்சுட்டேன், மூணு செகண்டுல அப்பா தும்மிட்டாரு.

நாளைக்கு தேனி பஸ்ஸு எட்டரைக்கு, பஸ்ஸுல வந்துச்சுன்னா என்ன பண்றது, அந்த டாக்டரம்மா எப்பிடி இருப்பாங்க, வாயே தொறக்க வரலைன்னா, அடுத்த வாரம் கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல் வேற இருக்கு, பயம் போயிருச்சுன்னு நான் பொய் சொல்லமாட்டேன், இருக்கு, இங்கதான், நெஞ்சுக்குள்ள, ஆனா இப்ப அது தனியா இல்ல, தூங்கப் போறப்ப அம்மா என் கையில ஒரு ஏலக்காய வெச்சுட்டுப் போச்சு, பல்லுக்கு நடுவுல வெச்சுப் பாக்கறேன், தோலு கசக்குது, லேசா மணக்குது, இனிமே நான் கொஞ்ச நேரம் பேசப்போறதில்ல, போனு ஓடட்டும், ஒண்ணு, ரெண்டு, மில்லு இல்ல, மூணு, அந்தப் பக்கம் சாக்கு ரூமுல வெளக்கு எரியுது, டக், டக்னு ரெண்டு வெரலு, நாலு, டக், அப்பாவோட கொறட்டை, அஞ்சு, டக் டக், திடீர்னு நிக்குது, ஏண்டி, முழிச்சிருக்கியா, இந்தப் பதினாலாவது நிமிஷத்துல ஆறா ஏழா, எனக்கு ஒரு தடவை ஆறு வருது ஒரு தடவை ஏழு வருது, நான் ஏலக்காயக் கடக்குனு கடிச்சுட்டு, ஏழும்மான்னு சொல்றேன், அந்தப் பக்கம் டக், டக், டக், எங்கம்மா தன் அமைதியத் தானே அடிச்சுக்கிட்டிருக்கு, வாயெல்லாம் மணக்குது.